மாடியில ரூம் விடறதும் லாட்ஜ் நடத்தறதும் ஒண்ணா?

வேலூர் சத்துவாச்சாரியில இருந்து ரிட்டயர் ஆன ஒரு டீச்சரம்மா எழுதி இருக்காங்க. சொந்த வீடு அவங்க பேர்லயே இருக்கு, கீழ அவங்க இருக்காங்க, மாடியில மூணு ரூமை சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வர்ற பேஷண்ட் குடும்பங்களுக்கு நாள் வாடகைக்கு விடறாங்க, ஒரு நாளைக்கு 700. பின்னாடி ஒரு சின்ன போர்ஷன் இருக்கு, அதை மாசக்கணக்குல தங்கற குடும்பத்துக்கு 11,000 வாடகைக்கு விடறாங்க. போன வருஷம் பக்கத்து வீட்டையும் மாசம் 14,000 வாடகைக்கு எடுத்து அதையும் நாள் வாடகைக்கு விட ஆரம்பிச்சிட்டாங்க. கொஞ்ச பேர் ஆப்ல புக் பண்ணி வர்றாங்க, அந்த ஆப் கணக்கை ஆரம்பிச்சு குடுத்தது சென்னையில ஐடி கம்பெனியில இருக்கற பையன், அவனோட பான், அவனோட பேங்க் அக்கவுண்ட். மாசம் 32,000 பென்ஷன் வேற வருது.

அவங்க கேள்வி இதுதான்: "ஒருத்தர் 12 லட்சம் வரைக்கும் டாக்ஸே இல்ல, ரிட்டர்னே போட வேணாம்னு சொல்றார். இன்னொருத்தர் வாடகையில 30 பர்சன்ட் கழிச்சிட்டு காட்டுங்கன்னு சொல்றார். ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை செய்யற பையன் 8 பர்சன்ட் மட்டும் காட்டுனா போதும்னு சொல்றான். ஆயிரத்துக்கு கீழ ரூம்னா ஜிஎஸ்டி கிடையாதுன்னு என் தம்பி சொல்றான். யார் சொல்றதை கேக்கறது?" கடைசியா ஒரு சின்ன விஷயமும் கேட்டு இருக்காங்க, அதுக்கு கடைசியிலயே வரேன்.

அம்மா, வணக்கம். உங்க லெட்டரை ரெண்டு வாட்டி படிச்சேன், ஏன்னா இதே கேள்வியோட வருஷத்துக்கு ஏழெட்டு பேராவது என் ஆபீஸ் படி ஏறி வர்றாங்க, தோட்டப்பாளையம், காகிதப்பட்டறை, பாகாயம், காட்பாடி காந்தி நகர்னு எல்லா பக்கத்துல இருந்தும். நம்ம ஊரு பொழப்பு அப்படி. 1900-ல ஐடா ஸ்கடரம்மா ஒரே ஒரு பெட் போட்டு ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி, இன்னைக்கு அதை நம்பி கல்கத்தாவுல இருந்தும் அசாம்ல இருந்தும் ரெண்டு நாள் ரயில்ல உக்காந்து காட்பாடி வந்து இறங்கறாங்க, பெங்காலியில போர்டு எழுதாத தெரு ஆஸ்பத்திரி பக்கத்துல கிடையாது. லாட்ஜ்ல தங்க முடியாதவங்களுக்கு, சொந்தமா சோறு பொங்கி சாப்பிடணும்னு நினைக்கறவங்களுக்கு உங்கள மாதிரி வீடுங்கதான் கதி. நல்ல காரியம்தான் பண்றீங்க, அதை கணக்கோட பண்ணிட்டா நிம்மதியா தூங்கலாம்.

உங்களுக்கு சொன்ன நாலு பேருமே பாதி பாதி சரியாதான் சொல்லி இருக்காங்க, ஆனா ஆளாளுக்கு வேற வேற வீட்டை பத்தி பேசி இருக்காங்க. உங்க கிட்ட வர்ற வாடகை ஒரே மாதிரி வாடகை இல்லம்மா, அது மூணு வகை. மூணையும் ஒரே டப்பாவுல போட்டு குலுக்கறதாலதான் குழப்பம்.

முதல்ல பின்னாடி போர்ஷன். இது சுலபம். ஒரு குடும்பத்துக்கு சாவியை குடுத்துடறீங்க, அவங்களே கூட்டி பெருக்கிக்கறாங்க, மாசம் பொறந்தா வாடகை வாங்கறீங்க. இது சுத்தமான வீட்டு வாடகை, ஹவுஸ் ப்ராபர்ட்டி வருமானம். வந்த வாடகையில நீங்க அந்த வருஷம் கட்டின கார்ப்பரேஷன் வரியை கழிச்சு, மிச்சத்துல 30 பர்சன்ட்டை கண்ணை மூடிட்டு கழிச்சிக்கலாம், பில் எதுவும் காட்ட வேணாம், அதுக்கு பதிலா பெயின்ட் அடிச்சேன் மோட்டார் மாத்தினேன்னு வேற எந்த செலவும் கழிக்க முடியாது. வீட்டுக்கு லோன் இருந்தா வட்டி தனியா கழியும், உங்களுக்கு லோன் இல்ல. பத்து மாசம் ஆள் இருந்ததுன்னு எழுதி இருக்கீங்க, 1,10,000. அந்த போர்ஷனுக்கு உண்டான வரி 2,000 போக 1,08,000, அதுல 30 பர்சன்ட் போனா 75,600. அவ்வளவுதான்.

அடுத்து பக்கத்து வீடு. 30 பர்சன்ட் கழிவை தயவு செஞ்சு இந்த வீட்டு பக்கம் கொண்டு போகாதீங்க. அந்த கழிவு வீட்டுக்கு சொந்தக்காரங்களுக்கு மட்டும்தான். நீங்க அந்த வீட்டுக்கு வாடகைதாரர், வாடகைக்கு எடுத்து இப்படி நாள் வாடகைக்கு விடறது வியாபாரம். வந்த 3,60,000 வியாபார வரவு, நீங்க ஓனருக்கு குடுத்த 1,68,000 வியாபார செலவு. காகிதப்பட்டறையில ஒருத்தர் மூணு வீட்டை இப்படி எடுத்து நடத்திட்டு நாலு வருஷமா 30 பர்சன்ட் கழிச்சு ரிட்டர்ன் போட்டுட்டு இருந்தார், ஒரு நாள் நோட்டீஸ் வந்தப்போ வீட்டு வரி ரசீது யார் பேர்ல இருக்குன்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க, அந்த மனுஷனுக்கு பதில் இல்ல. இன்னொண்ணு, ஓனர் கிட்ட உள்வாடகைக்கு விட எழுத்து மூலமா சம்மதம் வாங்கி வெச்சிருக்கீங்களா? வாயால சொன்னது போதாது, தமிழ்நாட்டு 2017 வாடகை சட்டப்படி அது எழுத்துல இருக்கணும். அந்த 14,000-ஐ கேஷா குடுக்காதீங்க, ஜிபே இல்ல பேங்க்லயே போடுங்க. ஒரே நாள்ல ஒருத்தருக்கு 10,000-க்கு மேல கேஷா குடுத்த செலவை, நிஜ கணக்கு எழுதறவங்களுக்கு செலவாவே ஒத்துக்க மாட்டாங்க.

இப்போ மாடி. இதுலதான் விஷயமே இருக்கு.

வீடு உங்களுது, ஆனா நீங்க பண்றது வெறும் வாடகையா? உங்க லெட்டர்லயே எழுதி இருக்கீங்க, தினம் வேலைக்கார அம்மா வந்து ரூமை பெருக்கி துடைக்கறாங்க, மூணு நாளைக்கு ஒரு தடவை பெட்ஷீட் மாத்தறீங்க, கேஸ் அடுப்பு, குக்கர், தட்டு டம்ளர் எல்லாம் வெச்சு குடுக்கறீங்க, வைஃபை குடுக்கறீங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு ட்ரெயின் வந்தாலும் எழுந்து கதவை தொறக்கறீங்க. சாவி குடுத்துட்டு வாடகை வாங்கறவங்க இதெல்லாம் பண்ண மாட்டாங்க. இது லாட்ஜ் நடத்தற மாதிரிதான், சின்ன அளவுல.

ஆனா 2024 பட்ஜெட்ல ஒரு திருத்தம் வந்துச்சு. சொந்தக்காரர் குடியிருப்பு வீட்டையோ அதுல ஒரு பகுதியையோ வாடகைக்கு விட்டா அதை வியாபார வருமானம்னு காட்ட கூடாது, ஹவுஸ் ப்ராபர்ட்டியிலதான் காட்டணும்னு வருமான வரி சட்டம் 28-ஆவது பிரிவுலயே எழுதிட்டாங்க, 2024-25 நிதியாண்டுல இருந்து அமல். வாடகையை வியாபாரம்னு காட்டி கன்னாபின்னான்னு செலவு எழுதினவங்கள மடக்க கொண்டு வந்தது அது. அதனால சில ஆடிட்டருங்க நாள் வாடகையா இருந்தாலும் ஹவுஸ் ப்ராபர்ட்டிதான்னு அடிச்சு சொல்றாங்க. என் கருத்து வேற. உங்க மாடியில வாடகைக்கு போறது வீடு மட்டும் இல்ல, வீட்டோட சேர்ந்த சேவை, அந்த சேவையை எடுத்துட்டா 700 ரூபாய் யாரும் குடுக்க மாட்டாங்க. அதனால வியாபாரம்னு காட்டலாம், ஆனா அதுக்கு ஆதாரம் வேணும், வேலைக்கார அம்மாவுக்கு குடுத்த சம்பளம், லாண்டரி பில், ஆப்ல நீங்க போட்டிருக்கற விவரம் எல்லாம் பத்திரமா இருக்கணும். சேவை எதுவும் இல்லாம சும்மா ரூமை மட்டும் நாள் கணக்குல விடறவங்க இதை படிச்சிட்டு வியாபாரம்னு போட்டுடாதீங்க, அவங்களுக்கு ஹவுஸ் ப்ராபர்ட்டிதான் பாதுகாப்பு.

இப்போ உங்க மாடி கணக்கை மூணு விதமா போட்டு காட்டறேன். மொத்த வரவு 5,20,000. ஆப் மூலமா 2,10,000, ஜிபே 1,40,000, கேஷ் 1,70,000. இங்கயே ஒரு தப்பு பண்ணி இருக்கீங்க, ஆப் பணம் 1,78,000-ன்னு எழுதி இருந்தீங்க, அது கமிஷன் 32,000 போக பேங்க்ல வந்தது. வரவு எப்பவும் முழுசா 2,10,000-ன்னுதான் காட்டணும், கமிஷன் செலவு பக்கம் போகும்.

ஹவுஸ் ப்ராபர்ட்டின்னு போட்டா, வீட்டு வரி 6,000 போக 5,14,000, 30 பர்சன்ட் கழிச்சா 3,59,800 வருமானம். கரண்ட் பில், வேலைக்கார அம்மா சம்பளம், கமிஷன் எதுவும் கழியாது.

நிஜ கணக்கு போட்டா, நீங்க அனுப்பின செலவு பட்டியலை கூட்டி பார்த்தேன், கரண்ட், சம்பளம், லாண்டரி, தண்ணி கேஸ், வைஃபை, கமிஷன், ரிப்பேர் எல்லாம் சேர்த்து 2,51,600. மிச்சம் 2,68,400.

ஆடிட்டர் ஆபீஸ் பையன் சொன்ன 44ஏடி கணக்குல, அதாவது சின்ன வியாபாரிங்க செலவு கணக்கு எழுதாம வரவுல இத்தனை பர்சன்ட் லாபம்னு காட்டற பிரிவுல, பேங்க் வழியா வந்த 3,50,000-க்கு 6 பர்சன்ட், கேஷுக்கு 8 பர்சன்ட், 21,000-மும் 13,600-மும் சேர்த்து வெறும் 34,600.

பார்த்தீங்களா, 3,59,800 எங்க, 34,600 எங்க. எல்லாரும் ஆசைப்படறது அந்த கடைசி நம்பருக்குதான். ஆனா 6-ம் 8-ம் கீழ் எல்லைம்மா, அதுக்கு குறையாம காட்டினா கணக்கு புத்தகம் கேக்க மாட்டோம்னு அரசாங்கம் குடுத்த சலுகை. கைக்கு நின்னது 2,68,400-ன்னு உங்களுக்கே தெரியும்போது 34,600 காட்டறது எனக்கு சரின்னு படல, அப்படி காட்ட சொல்லி நான் யாருக்கும் கையெழுத்து போட மாட்டேன். அதே 44ஏடியில நிஜ லாபத்தை காட்டலாம், தடையே இல்ல, கணக்கு புத்தகம் ஆடிட் எதுவும் இல்லாம ஐடிஆர்-4 ஃபார்ம்லயே முடிஞ்சிடும். இன்னொரு விஷயம், இந்த வருஷம் 44ஏடியில போட்டுட்டு அடுத்த வருஷம் நஷ்டம்னு அதை விட்டு வெளிய வந்தா அதுக்கப்புறம் அஞ்சு வருஷம் உள்ள வர முடியாது, அதையும் யோசிச்சுக்கங்க.

நிஜத்தை காட்டறதால உங்களுக்கு நஷ்டம் என்ன? கூட்டி பாருங்க. பென்ஷன் 3,84,000, அதுல புது வரி முறையில ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் 75,000 போக 3,09,000. மாடி 2,68,400. பின்னாடி போர்ஷன் 75,600. பக்கத்து வீடு, வாடகையும் மத்த செலவு ஒரு 90,000-மும் போக 1,02,000. மொத்தம் 7,55,000. 2025-26 நிதியாண்டுக்கு புது முறையில முதல் 4 லட்சத்துக்கு வரி இல்ல, அதுக்கு மேல 8 லட்சம் வரைக்கும் 5 பர்சன்ட், ஆக 17,750. வருமானம் 12 லட்சத்துக்கு உள்ள இருக்கறதால 87ஏ தள்ளுபடியில அது மொத்தமா போயிடும். கட்ட வேண்டியது பூஜ்யம். பூஜ்யத்தை காப்பாத்த எதுக்கும்மா பொய் நம்பர்? நாளைக்கு பையன் கல்யாணத்துக்கோ வீட்டை கட்டவோ பேங்க்ல லோன் கேட்டா 34,600 லாபம் காட்டினவங்களை எந்த மேனேஜரும் உக்கார சொல்ல மாட்டார்.

ஆனா "12 லட்சம் வரைக்கும் ரிட்டர்ன் வேணாம்"னு சொன்னவர் பேச்சை கேக்காதீங்க. வரி இல்லங்கறது வேற, ரிட்டர்ன் வேணாங்கறது வேற. வருமானம் 4 லட்சத்தை தாண்டினாலே ரிட்டர்ன் போட்டாகணும், போட்டாதான் அந்த தள்ளுபடியே கணக்குல வரும். கடைசி தேதியை விட்டா, வரி பூஜ்யமா இருந்தாலும் 5,000 ரூபாய் தாமத கட்டணம், 5 லட்சத்துக்குள்ள வருமானம் இருக்கறவங்களுக்கு 1,000. நீங்க 5 லட்சத்தை தாண்டிட்டீங்க. 2026 ஏப்ரல் 1-ல இருந்து புது வருமான வரி சட்டம் வந்திருக்கு, பிரிவு நம்பர் எல்லாம் மாறிடும், ஆனா 2025-26 கணக்கு பழைய 1961 சட்டப்படிதான், நான் சொன்ன நம்பருங்க அதுக்கு உண்டானது.

ஜிஎஸ்டி. தம்பி சொன்னது 2022 ஜூலை 17 வரைக்கும் சரி. அதுக்கப்புறம் ஆயிரத்துக்கு கீழ இருந்த விலக்கை எடுத்துட்டாங்க, 2025 செப்டம்பர் 22-ல இருந்து ஒரு நாளைக்கு 7,500 வரைக்கும் உள்ள ரூமுக்கு 5 பர்சன்ட். ஆனா உங்க மொத்த வரவு மூணும் சேர்ந்து 9,90,000, சேவைக்கு 20 லட்சம் தாண்டினாதான் ஜிஎஸ்டி பதிவு. ஆப்ல வர்ற புக்கிங்குக்கு ஜிஎஸ்டியை ஆப் கம்பெனியே வாங்கி கட்டிடும், உங்களுக்கு வேலை இல்ல. இப்போதைக்கு விடுங்க.

உங்க பையன் விஷயத்தை மட்டும் தள்ளி போடாதீங்க. ரூம் உங்களுது, உழைப்பு உங்களுது, பணம் மட்டும் அவன் பான்ல அவன் பேங்க்ல போகுது. அவன் 30 பர்சன்ட் ஸ்லாப்ல இருந்தா, நாளைக்கு இது அவன் வருமானம்னு டிபார்ட்மென்ட் எடுத்துக்கிட்டா, உங்க கிட்ட பூஜ்யமா இருக்கற வரி அவன் கிட்ட 60,000-க்கு மேல போகும். வருஷத்துக்கு 5 லட்சத்துக்குள்ள விக்கற தனி ஆளுக்கு பான் குடுத்திருந்தா ஆப் கம்பெனி டிடிஎஸ் பிடிக்காது, அதனால அவனுக்கு இதுவரைக்கும் எதுவும் கண்ல பட்டிருக்காது. இந்த வாரமே ஆப்ல உங்க பான், உங்க பேங்க் அக்கவுண்ட்னு மாத்துங்க. போன வருஷத்து பணத்துக்கு, அவன் அக்கவுண்ட்ல வந்ததும் அவன் உங்களுக்கு அனுப்பினதும் தேதி வாரியா ஸ்டேட்மென்ட் எடுத்து வைங்க, வருமானத்தை உங்க ரிட்டர்ன்லயே காட்டுங்க. அவனோட ஏஐஎஸ்ல, அதாவது அவன் பான்ல பதிவான வரவை டிபார்ட்மென்ட் காட்டற ஆன்லைன் பட்டியல்ல, அந்த தொகை வந்திருந்தா, இது வேற பானுக்கு உண்டான தகவல்னு அங்கயே பதில் போட வசதி இருக்கு, அதை போட சொல்லுங்க.

யாரும் உங்களுக்கு சொல்லாத ஒண்ணு இருக்கு. பின்னாடி காலத்துல இந்த வீட்டை விக்கற யோசனை இருக்கா? வீட்டை வித்து இன்னொரு வீடு வாங்கினா லாபத்துக்கு வரி விலக்கு குடுக்கற 54-ஆவது பிரிவு, எந்த வீட்டோட வருமானம் ஹவுஸ் ப்ராபர்ட்டி தலைப்புல வருதோ அந்த வீட்டுக்குதான். மாடியை வியாபார சொத்துன்னு வெச்சா அந்த பகுதிக்கு இது சிக்கல் ஆகும், அதோட 44ஏடியில இருக்கற வருஷம் எல்லாம் தேய்மானம் கழிச்சதாவே கணக்கு எடுத்துக்குவாங்க, விக்கும்போது அந்த பகுதி லாபம் குறுகிய கால லாபம்னு ஆகி உங்க ஸ்லாப்படி வரி வரலாம். சத்துவாச்சாரியில இன்னைக்கு மனை விலை உங்களுக்கே தெரியும். ரெண்டு மூணு வருஷத்துல விக்கற எண்ணம் இருந்தா, மாடியையும் ஹவுஸ் ப்ராபர்ட்டியிலயே காட்டிடுங்கன்னுதான் நான் சொல்வேன். 3,59,800 காட்டினாலும் மொத்தம் 8,46,400-தான், அப்பவும் வரி பூஜ்யம்தான். விக்கற எண்ணமே இல்ல, பையனுக்குதான்னா வியாபாரம்னே போடலாம். எதுவா இருந்தாலும் வருஷா வருஷம் மாத்தி மாத்தி போடாதீங்க.

அப்புறம் நோட்டு. பாகாயம் பக்கம் ஒரு அம்மா, எட்டாவது வரைக்கும் படிச்சவங்க, ஒரு லாங் சைஸ் நோட்டுல ஸ்கேல் வெச்சு கோடு போட்டு எழுதுவாங்க. தேதி, பேர், எந்த ஊர், எத்தனை பேர், எந்த ரூம், எத்தனை நாள், அட்வான்ஸ், கேஷா ஜிபேவா, போன தேதி. கடைசி கட்டத்துல போனவங்க கையெழுத்து, பாதி கையெழுத்து பெங்காலியில இருக்கும். அவங்க பேங்க்ல போட்ட கேஷுக்கு கணக்கு கேட்டு நோட்டீஸ் வந்தப்போ நான் எந்த வாதமும் பண்ணல, அந்த நோட்டை ஸ்கேன் பண்ணி அனுப்பினேன், பதிவு தேதியும் பேங்க்ல கட்டின தேதியும் ஒத்து போச்சு, கேள்வி அத்தோட நின்னுடுச்சு. அந்த மாதிரி ஒரு நோட்டு நாளைக்கே போடுங்க. பங்களாதேஷ்ல இருந்து யாராவது வந்தா 24 மணி நேரத்துக்குள்ள அவங்க விவரத்தை ஆன்லைன்ல பதியணும், நம்ம ஊர்ல சி ஃபார்ம்னு சொல்றாங்களே அது, வரிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லன்னாலும் அதை விட்டா வர்ற தொல்லை வரியை விட பெருசு. நாலு மாசம் தங்கி ட்ரீட்மென்ட் எடுக்கற குடும்பம் மொத்தமா கேஷ் நீட்டினா, ஒரே ஆள் கிட்ட ஒரே நாள்ல, இல்ல அந்த ஒரே தங்கலுக்கு, 2 லட்சமோ அதுக்கு மேலயோ கேஷா வாங்கவே வாங்காதீங்க, வாங்கின அளவுக்கே அபராதம் போட சட்டம் இருக்கு.

உங்க கடைசி கேள்வி. ஜார்க்கண்ட்ல இருந்து வந்த ஒரு குடும்பம் 20 நாளுக்கு 14,000 அட்வான்ஸ் குடுத்துட்டு எட்டாவது நாளே பேஷண்ட் தவறிட்டார், மிச்ச 12 நாள் பணம் 8,400-ஐ நீங்க அவங்க கையில திருப்பி குடுத்துட்டீங்க, ஆனா 14,000-மும் பேங்க்ல வந்த மாதிரி இருக்கே, அதுக்கும் கணக்கு காட்டணுமான்னு கேட்டு இருந்தீங்க. வேணாம்மா. உங்க வருமானம் அந்த 8 நாள் 5,600 மட்டும்தான். திருப்பி குடுத்த தேதியையும் வாங்கிட்டு போனவர் பேரையும் ஒரு வரி எழுதி வைங்க, அவங்க போன் நம்பர் இருந்தா பக்கத்துல அதையும் எழுதுங்க, போதும்.